திறந்த பாதையும் ஆறாத மண்ணும்

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையடிவாரப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவது குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்தின் கேள்வியே மற்றவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதால், அதற்கு அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே கரட்டைச் சுற்றிச் செல்லும் பழைய மாட்டுவண்டிப் பாதையில் ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கியர் சைக்கிள் ஓட்டிவந்தேன். ஃபெஞ்சல் புயல் மழையில் பாதை பல இடங்களில் அறுத்துக்கொண்டு போய்விட்டதால் அதை மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கூடிக் கல் அடுக்கி, மண் கொட்டிச் செப்பனிட்டு இப்போது மறுபடியும் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். பழையபடியே ஓட்டலாம் அல்லவா?
— ஒரு வாசகர், அரூர்

பதில்: பழையபடி ஓட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்களுக்கு மனப்பாடமாக இருப்பது புயலுக்கு முன்பிருந்த பாதை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை பதிவானது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் பெய்யும் வட்டாரத்தில் ஒரே நாளில் அவ்வளவு நீர் இறங்கியபோது, செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்ச் சில இடங்களில் பாறையை வெளியே காட்டியது. வேறு சில இடங்களில் சரளையைக் கொண்டுவந்து குவித்தது. இப்போது அங்கே இருப்பது அந்தப் பள்ளங்களை நிரப்பி எழுப்பிய புதிய பாதை. பெயரும் திசையும் பழையவையாக இருந்தாலும் மண் பழையது அல்ல.

கொட்டி நிரப்பிய மண்ணுக்குள் காற்று நிறைய இருக்கும். மாடும் ஆடும் மனிதரும் மிதித்து, ஒன்றிரண்டு மழைக்காலம் நனைந்து காய்ந்த பிறகே அது இறுகும். அதுவரை மிகவும் பலவீனமாக இருப்பது பள்ளத்தாக்குப் பக்கத்து ஓரம். கல்லடுக்கின் மேல் மண் சமமாகத் தெரிந்தாலும், சைக்கிளின் எடை ஓர் அங்குல அகலத்தில் அழுத்தும்போது அந்த ஓரம் சரியக்கூடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படிச் செப்பனிட்ட ஒரு பாதையில், பழைய பழக்கத்தில் வளைவின் வெளி ஓரத்தைப் பிடித்து இறங்கினேன். முன்சக்கரத்துக்கு அடியில் மண் விலகியது. மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் எழுதக்கூட முடியவில்லை.

ஆகையால் முதல் முறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வரை நடந்து போங்கள். நடக்கும்போது நான்கு இடங்களை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். புதுமண் கொட்டிய ஓரங்கள் முதலாவது. பாறையின் மேல் மெல்லிதாகச் சரளை பரவிய இடங்கள் இரண்டாவது. தரையில் கேழ்வரகு சிந்தினாற்போலச் சக்கரம் அங்கே உருண்டுவிடும். மழைநீரைத் திருப்பிவிடப் பாதைக்குக் குறுக்கே பதித்த கல்வரிசைகள் மூன்றாவது. நான்காவதைப் பலரும் கவனிப்பதே இல்லை: பாதையைத் திறக்கும்போது உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் அரிவாளால் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அந்த அடிக்கட்டைகள் ஈட்டி முனைபோல நிற்கும். விழுந்தால் அவற்றின் மேல்தான் விழுவோம். முடிந்தால் ஒரு கைரம்பம் எடுத்துப்போய் அவற்றைத் தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள். பாதையைச் செப்பனிட்டவர்களுக்கு அதுவே நீங்கள் செய்யும் கைம்மாறாகவும் இருக்கும்.

இறங்கும்போது சீட்டை மூன்று விரல் அளவு தாழ்த்தி, பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று, குதிகாலைச் சற்றே கீழே அழுத்தி, முழங்கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையைச் சக்கரத்தின் மேல் வைக்காமல், போகவேண்டிய இடத்தின் மேல் வையுங்கள். பார்க்கும் பக்கமே வண்டி போகும். வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிரேக் பிடித்தவுடன் நம் எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்குக்கே வலு அதிகம். ஆனால் சரளையில், வளைவின் நடுவில், அதே முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிக் கீழே தள்ளிவிடும். பின்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் விழும் வாய்ப்பு குறைவு, ஆனால் பின்சக்கரம் இழுபட்டு, ஊர்க்காரர்கள் கூடையில் சுமந்து கொட்டிய மண்ணை ஏர்க்கொழுவைப்போல உழுதுவிடும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக, விட்டுவிட்டுப் பிடிக்கப் பழகுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நண்பர்களோடு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போகிறான். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிதான். நான் எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு தாய், தருமபுரி

பதில்: அம்மா, டிஸ்க் இருப்பதனால் மட்டும் பிரேக் நன்றாக இருப்பதாகக் கொள்ளக்கூடாது. பிரேக் கைப்பிடியை நீங்களே முழு வலுவோடு அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் அன்று வண்டி வெளியே போகக்கூடாது. டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேடின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். செயினுக்கு எண்ணெய் போடும்போது ஒரு துளிகூட டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்ட பேட் பிடிக்காது, பெரும்பாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும். புதுப் பேட் போட்ட அன்றே மலைக்குப் போகாமல், சமதரையில் இருபது முறையாவது வேகமெடுத்துப் பிரேக் பிடித்துப் பழக்கிவிட வேண்டும்.

மலையிறக்கத்தில் பிரேக் படும் பாட்டுக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில், சுமார் மூன்றரைக் கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்கும் ஒரு மண்பாதையில், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் இளைஞர்கள் பந்தயம் விடத் தொடங்கினார்கள். அந்த வண்டிகளில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் நடுவில் இருந்தது. அதிலிருந்த கிரீஸ் இறக்கத்தின் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும் என்பதால் அதைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது; ‘மறுபடி அடைத்தல்’ என்னும் பொருளில் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் நிலைத்தது. அந்த விளையாட்டு வளர்ந்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பிரேக்குகள் எவ்வளவோ மாறிவிட்டன, சூடு மாறவில்லை. நீண்ட இறக்கத்தில் இடையில் ஓரிரு முறை நின்று பிரேக்கை ஆறவிடும்படி மகனிடம் சொல்லுங்கள்.

தலைக்கவசம் இல்லாமல் அனுப்பாதீர்கள். மூன்று பேராவது சேர்ந்து போகட்டும். ஒருவர் விழுந்தால் ஒருவர் அருகில் இருக்க, மற்றவர் ஆள் அழைத்துவர முடியும்.

கேள்வி: வாரம் இரண்டு பஞ்சர் ஆகிறது. கடையில் கல்போல இருக்கும்வரை காற்று அடிக்கிறார்கள். அது சரியா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தார்ச்சாலைக்குச் சரி, கரட்டுக்குச் சரியல்ல. ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 2.2 அங்குல டயரில் 28 பிஎஸ்ஐ அளவில் வைத்துக்கொள்ளலாம்; பின்சக்கரத்துக்கு இரண்டு கூட்டலாம். அதற்கும் மிகக் குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு துளை விழும். நெருஞ்சி முள்ளுக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் காற்றழுத்தம் மருந்தாகாது. டியூப் இல்லாத டயருக்கு மாறி உள்ளே சீலன்ட் (துளையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றுவதே வழி. நம் வெயிலுக்கு அது இரண்டு, மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அதிகாலையில் காட்டு வழியாக ஓட்ட ஆசை. அனுமதி தேவையா? யானை பயமும் இருக்கிறது.
— இரு நண்பர்கள், தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதைக் கைவிட வேண்டாம். உங்கள் வட்டாரக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும், 686 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. காப்புக்காட்டுக்குள் நுழைவதும் குற்றமே. வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் உள்ள 40 பாதைகளும் வழிகாட்டியோடு நடந்து போவதற்கானவை. அவற்றில் சைக்கிள் கொண்டுபோகலாம் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளக்கூடாது. எந்தப் பாதையானாலும் முதலில் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். கோடையில் தீப் பருவத்துக்காகப் பாதையை மூடினால் அதற்கு மறுபேச்சு வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தவர்களை நினைத்தால் காரணம் புரியும்.

யானையைப் பொறுத்தவரை சைக்கிளின் ஆபத்து அதன் சத்தமின்மையில் இருக்கிறது. ஜீப் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரியும். சைக்கிள் வளைவைத் திரும்பியவுடன் இருபது அடியில் நிற்கும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருவதும், இருட்டியபின் கொல்லைகளில் இறங்கி விடியும் வேளையில் காடு திரும்புவதும் உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆகவே அனுமதி பெற்ற பாதையாக இருந்தாலும் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் ஓட்டாதீர்கள். புதிய சாணமோ ஒடிந்த பச்சைக் கிளையோ தென்பட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்து எத்தனை நாள் கழித்து மண்பாதையில் ஓட்டலாம்?
— ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: நாள் கணக்கு சொல்வதைவிட ஒரு சோதனை சொல்கிறேன். பாதையின் தொடக்கத்தில் பத்தடி தூரம் ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பாருங்கள். டயர் பதிந்த தடம் விரலின் முதல் கணு அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, டயரில் மண் அப்பிக்கொண்டு வந்தாலோ, அன்று வீடு திரும்பிவிட வேண்டும். மணல் கலந்த செம்மண் நல்ல வெயில் அடித்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். மர நிழலில் உள்ள களிப்பாங்கான மண்ணுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நன்றாகச் செப்பனிட்ட பாதை பள்ளத்தாக்குப் பக்கமாக மிகச் சற்றே சாய்ந்திருக்கும். மழைநீர் அகலமாகப் பரவி, மண்ணை எடுக்காமல் வெளியேறிவிடும். ஈரத்தில் ஒரு சைக்கிள் ஓடினால் பாதையின் நீளவாக்கில் ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழையில் நீர் குறுக்கே வழியாமல் அந்தக் கோட்டுக்குள் இறங்கி ஓடுகிறது. ஓட ஓட வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட மண்ணை அறுக்கிறது. ஒரு பருவத்தில் அந்தக் கோடு வாய்க்கால் ஆகிவிடும். குறுக்கே பதித்த கல்வரிசையைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போவதும் இதே தீங்கைத்தான் செய்கிறது: நீர் அந்தப் புதுவழியாகக் கல்லைக் கடந்துவிடும். கல்வரிசையை நேராக, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிக் கடந்துபோங்கள். முடியாவிட்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நான் ஆடு மேய்ப்பவன். புயலில் போன பாதையைச் சரிசெய்ய நானும் கல் சுமந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்காரர்கள் வளைவில் திடீரென்று வந்து ஆடுகளை மிரட்டிவிடுகிறார்கள். போன வாரம் சினை ஆடு ஒன்று பள்ளத்தில் குதித்துக் கால் ஒடிந்துவிட்டது. யாரிடம் சொல்வது?
— அரூர் வட்டத்திலிருந்து ஒருவர், மகள் கையால் எழுதியது

பதில்: ஐயா, உங்கள் ஆட்டுக்கு நேர்ந்ததை அறிந்து மிகவும் வருந்துகிறேன். மலைப்பாதையில் நடப்பவருக்கும் கால்நடைக்கும் முதலிடம். சைக்கிளில் வருபவர்தான் இறங்கி, பள்ளத்தாக்கு ஓரத்தில் நின்று, மேட்டுப் பக்கத்தை ஆடுகளுக்கு விட வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்பே மணி அடிக்க வேண்டும். ஆட்டுக்கூட்டத்தின் நடுவில் அடித்தால் அவை இன்னும் மிரளும் என்பதால், நெருங்கியபின் மணியை விட்டு வாயால் குரல் கொடுப்பதே நல்லது. ஆடு அடிபடக் காரணமானவர் நின்று, உரியவரிடம் பேசி, வைத்தியச் செலவை ஏற்பதுதான் முறை.

முதல் கடிதம் எழுதிய அரூர் வாசகரும் நீங்களும் ஒரே பாதையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவர் இதைப் படிப்பார் என்பதால் அவரிடமே கேட்கிறேன்: வரும் ஞாயிறு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடக்கும்போது பெரியவரைச் சந்தித்து, ஆடுகள் எந்த வளைவில், எத்தனை மணிக்குப் பாதையைக் கடக்கின்றன என்று கேட்டறிந்து, உங்களோடு ஓட்டுகிற எல்லோருக்கும் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.