ஞாயிறு ரோஸ்ட், 10 பவுண்டில் 4 பேருக்கு: கேள்வி பதில்

பிரிட்டனில் இருக்கும் நம் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. இங்குள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும் ரோஸ்ட் டின்னரை, அதாவது ஓவனில் சுட்ட கறி, உருளைக்கிழங்கு, காய்கறியோடு கிரேவி என்ற கறிச்சாறு ஊற்றிய சாப்பாட்டை, கையைக் கடிக்காமல் வீட்டில் செய்ய முடியுமா என்பதைத்தான் எல்லாரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். யார்க்‌ஷரில் ஒரு பப் சமையலறையில் பல வருடம் ஞாயிறு மதியங்களை அடுப்பு முன்னால் கழித்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் நான் சொல்லும் தொகைகளை ஏறத்தாழ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): அக்கா, என் மகன் பள்ளியில் புதன்கிழமைதோறும் ரோஸ்ட் சாப்பிடுகிறான். "நம் வீட்டில் ஏன் செய்வதில்லை?" என்று கேட்கிறான். நாங்கள் 4 பேர். பப்புக்குப் போனால் 60 பவுண்டு போய்விடுகிறது. வீட்டில் 10 பவுண்டுக்குள் முடியுமா?

பதில்: கோழி என்றால் முடியும். ஒன்றரைக் கிலோ முழுக்கோழி, சாதாரண வகை, 5 பவுண்டை ஒட்டி வரும். உருளைக்கிழங்கு ஒன்றேகால் கிலோ, கேரட் அரைக் கிலோ, ஒரு முட்டைகோஸ் எல்லாம் சேர்த்து இரண்டரைப் பவுண்டு. யார்க்‌ஷர் புட்டிங்குக்கு (மாவுக்கரைசலைச் சூடான எண்ணெயில் ஊற்றி ஓவனில் உப்பச் சுடுவது) மைதா, முட்டை, பால். கிரேவிக்கு ஒரு வெங்காயம், ஒரு ஸ்டாக் கட்டி. எப்படிக் கூட்டினாலும் 8 முதல் 10 பவுண்டுக்குள் நிற்கும். அந்தக் கோழியில் ஒரு பக்க மார்புக்கறியும் எலும்பும் திங்கட்கிழமைக்கு மிஞ்சும். அதையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் மலிவு.

ரோஸ்ட் என்றாலே பெரிய கறித்துண்டு என்று நினைத்துக்கொண்டு நம்மில் பலர் கடையில் விலையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிறோம். கறி அதிகம் இல்லாத வீடுகளும் காலங்காலமாகச் சாப்பிட்ட சாப்பாடு இது. வீட்டில் அடுப்பு இல்லாதவர்கள் ஞாயிறு காலையில் கறியையும் கிழங்கையும் ஒரே தட்டில் வைத்துத் தெருமுனை பேக்கரியில் கொடுத்துவிட்டுத் தேவாலயம் போவார்கள். அன்று ரொட்டி சுடாத பேக்கரி அடுப்பில் அது வெந்துகொண்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில், 1940 மார்ச்சில், ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸுக்கு மட்டுமே கறி என்று பங்கீடு வந்தது. கறிப் பங்கீடு முழுசாக நீங்க 1954 ஜூலை ஆனது. அந்த வருடங்களிலும் ஞாயிறு ரோஸ்ட்டை விடாத வீடுகள் உண்டு. ஒரு ஆளுக்குக் கறி இரண்டு துண்டு போதும். வயிற்றை நிரப்புவது கிழங்கும் புட்டிங்கும் கிரேவியும்தான். அந்த மூன்றையும் நன்றாகச் செய்தால் கறி குறைவு என்று யாருமே சொல்ல மாட்டார்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆட்டுக்கால் வாங்கப் போனால் விலை தலைசுற்றுகிறது. வேறு என்ன வாங்கலாம்?

பதில்: ஆட்டின் பின்னங்காலை விடுங்கள், முன்சப்பை வாங்குங்கள். கிலோ விலை குறைவு, கொழுப்பு கூடுதல், ருசியும் கூடுதல். வெங்காயம், பூண்டு, ரோஸ்மேரி போட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஃபாயிலால் இறுக்கி மூடி 160 டிகிரியில் 4 மணி நேரம். கரண்டியாலேயே பிரித்து எடுக்கலாம். உங்கள் பக்கத்து ஹலால் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முதிர்ந்த ஆடு, அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னங்கால்தான் வேண்டும் என்றால் ஈஸ்டர் வரை பொறுங்கள். அந்த வாரம் பெரிய கடைகள் போட்டி போட்டு விலையைக் குறைப்பார்கள். வாங்கி ஃபிரீசரில் போட்டுவிடலாம்.

பன்றி சாப்பிடுபவர்களுக்குத் தோள்பகுதி நல்ல மலிவு. தோலை நன்றாகத் துடைத்துக் காயவைத்து உப்புத் தேய்த்து, முதல் அரை மணி 220 டிகிரி, பிறகு 160-இல் 3 மணி நேரம் வைத்தால் தோல் அப்பளமாகப் பொரியும். மாட்டிறைச்சி இப்போது கிலோவுக்குக் கோழியைப் போல மூன்று மடங்கு. சிக்கனம்தான் நோக்கம் என்றால் அதைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கார்டிஃப்): என் உருளைக்கிழங்கு வெளியே மொறுமொறு என்று வருவதே இல்லை, அக்கா. வாத்துக் கொழுப்பு வாங்கினால்தான் வருமா?

பதில்: வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் போதும். மேரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் வகையைத் தேடுங்கள். இவை மாவுத்தன்மை உள்ள கிழங்குகள். சாலட்டுக்கு விற்கும் மெழுகுக் கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுக்காது. தோல் சீவி, முட்டை அளவுக்கு வெட்டி, உப்புத் தண்ணீரில் கொதி வந்ததிலிருந்து 8, 10 நிமிடம் வேகவையுங்கள். ஓரம் கரையத் தொடங்கும்போது வடித்துவிடுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், கிரேவிக்கு வேண்டும். பாத்திரத்தை மூடி இரண்டு குலுக்குக் குலுக்கினால் கிழங்கின் மேல்பரப்பு பிசிறு பிசிறாகும். அந்தப் பிசிறுதான் பிறகு மொறுமொறுப்பாக மாறும். மூடியைத் திறந்து 5 நிமிடம் ஆவி போகவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் கிழங்கு எண்ணெயில் ஊறித்தான் கிடக்கும்.

டிரேயில் எண்ணெயை முதலிலேயே ஓவனில் வைத்துக் காயவிடுங்கள். கிழங்கைப் போடும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். கோழியிலிருந்து வடிந்த கொழுப்பு ஒரு கரண்டி இருந்தால் அதையும் விடுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கொழுப்பும் அதற்கு ஈடாகாது.

கேள்வி (லூட்டன்): யார்க்‌ஷர் புட்டிங் தட்டையாகத் தோசை மாதிரி வருகிறது. கோழிக்கு அதை வைப்பது முறையா என்றும் சந்தேகம்.

பதில்: முறைப்படி அது மாட்டிறைச்சிக்கு உரியது. ஆனால் இன்று எந்தக் கறிக்கும் வைக்கிறார்கள். நான் வேலை செய்த பப்பில் கோழிக்கு வைக்காமல் அனுப்பினால் தட்டு திரும்பி வந்துவிடும். அதுவும் யார்க்‌ஷரில்!

இந்தச் சாப்பாட்டிலேயே மிகச் சிக்கனமான பொருள் அதுதான். நெருப்புக்கு முன்னால் கம்பியில் குத்திச் சுழலும் கறிக்குக் கீழே மாவுக்கரைசலை வைத்து, சொட்டும் கொழுப்பைப் பிடித்துச் சுடுவது பழைய முறை. 1747-இல் வெளிவந்த தன் சமையல் நூலிலேயே ஹன்னா கிளாஸ் அதை எழுதியிருக்கிறார். யார்க்‌ஷர் வீடுகளில் அதைக் கறிக்கு முன்னால், கிரேவி ஊற்றித் தனியாகப் பரிமாறும் வழக்கம் இருந்தது. வயிறு பாதி நிறைந்த பிறகுதான் கறி வரும். பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்போதும் செய்து பாருங்கள், ஒரு கோழி 6 பேருக்குக் காணும்.

அளவு எளிது: ஒரே கிண்ணத்தில் முட்டை, பால், மைதா மூன்றும் சம அளவு, கொஞ்சம் உப்பு. அடித்து அரை மணி நேரம் வைத்திருங்கள். சுயமாக உப்பும் மாவு வேண்டாம், வெறும் மைதா. குழி டிரேயில் குழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, 220 டிகிரியில் புகை எழும்பும் அளவு காயவைத்து, மாவை ஊற்றிக் கதவைச் சாத்துங்கள். 20 நிமிடம் திறக்கவே கூடாது. தட்டையாக வருவதற்கு எண்ணெய் காயாததும் பாதியில் கதவைத் திறப்பதும்தான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி (ஹாரோ): அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம். பிள்ளையளுக்கு ரோஸ்ட் விருப்பம். கோழியை மஞ்சள் போட்டுக் கழுவாமல் அடுப்பில வைக்க எனக்கு மனம் வரேல்லை. தோலும் எடுத்துப்போட்டுத்தான் சமைக்கிறனாங்கள். அப்படிச் செய்யலாமோ?

பதில்: இரண்டையும் இந்த ஒரு சமையலுக்கு மட்டும் விட்டுவிடுங்கள், அம்மா. கழுவும்போது தெறிக்கும் துளிகளில் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி சிங்க், மேடை, பக்கத்துப் பாத்திரம் எங்கும் பரவும். இங்கே உணவு நச்சுக்கு அதுதான் முக்கியக் காரணம். கோழியைக் கழுவாதீர்கள் என்று உணவுத் தர முகமை 2014-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓவன் சூட்டில் கிருமி செத்துப்போகும். மனம் ஒப்பவில்லை என்றால் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள், தோலும் அப்போதுதான் முறுகும். மஞ்சளை வேண்டுமானால் வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள்.

தோல் இல்லாமல் ரோஸ்ட் செய்தால் மார்புக்கறி சக்கையாகிவிடும். நம் கடைகளில் கேட்காமலேயே தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள். தோலோடு முழுசாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டையிட்டு முடித்த கட்டிக்கோழியும் வேண்டாம். குழம்புக்கு அருமையான கோழி, ஓவனில் வைத்தால் மெல்ல முடியாது.

ஒன்றரைக் கிலோ கோழிக்கு 190 டிகிரியில், விசிறி ஓவன் என்றால் 170-இல், ஒரு மணி 25 நிமிடம். தொடையின் தடித்த இடத்தில் கத்தியைக் குத்தினால் வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், கறியில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

கேள்வி (பர்மிங்ஹாம்): சாமான் விலை சரி. 2 மணி நேரம் ஓவன் ஓடினால் கரண்ட் பில் என்ன ஆவது?

பதில்: பயப்படும் அளவுக்கு இல்லை. சூடு ஏறியதும் ஓவன் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் இழுக்கும். மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் அரைப் பவுண்டு சுமாருக்கு வரும். கேஸ் ஓவன் என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. வெறும் ஓவனை ஓடவிடாமல் இருந்தால் போதும். கோழி வெந்து முடியக் கடைசி 40 நிமிடம் இருக்கும்போது மேல்தட்டில் கிழங்கு. கோழியை வெளியே எடுத்து ஃபாயில் போர்த்தி அரை மணி வையுங்கள், அது கறிக்கும் நல்லது. அந்த நேரத்தில் சூட்டை 220-க்கு ஏற்றினால் கிழங்கும் முறுகும், புட்டிங்கும் எழும்பும்.

கேள்வி (கிராய்டன்): கிரேவிக்குப் பொடி வாங்கினால் போதாதா?

பதில்: போதும், தப்பே இல்லை. பிஸ்டோ என்ற கிரேவிப் பொடி 1908-இலிருந்து இந்த நாட்டு வீடுகளில் இருக்கிறது. ஆனால் கோழி டிரேயில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கழுவி ஊற்றிவிட்டுப் பொடி கரைப்பதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கோழிக்கு அடியில் வெங்காயத்தை வட்டமாக வெட்டி வையுங்கள். கோழி வந்ததும் மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, அடுப்பிலேயே டிரேயை வைத்து ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டுக் கிளறி, கிழங்கு வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சுரண்டிக் கொதிக்கவிடுங்கள். நிறம் போதாவிட்டால் பொடி ஒரு கரண்டி. வடிகட்டினால் முடிந்தது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): வீட்டில் மாமியார் சைவம். அவர்களுக்கு என்ன வைப்பது?

பதில்: முழுக் காலிஃப்ளவரை 5 நிமிடம் வேகவைத்து, எண்ணெய், பூண்டு, மிளகு தடவிக் கோழிக்கு வேறான டிரேயில் சுடுங்கள். வெந்த பருப்பு, ரொட்டித்தூள், துருவிய கேரட், கையளவு வேர்க்கடலை சேர்த்துப் பிசைந்து ரொட்டி டின்னில் சுட்டாலும் நன்றாக வரும். கிழங்கை எண்ணெயில் மட்டும் செய்யுங்கள். கிரேவிக்கு வெங்காயத்தையும் காளானையும் கருகும் நிலைக்கு வதக்கிக் கொஞ்சம் சோயா சாஸ். புட்டிங்கில் முட்டை உண்டு, சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மாணவர், ஷெஃபீல்ட்): தனி ஆள், ஏர் ஃபிரையர் மட்டும்தான்.

பதில்: தோலோடு இரண்டு கோழித்தொடை, கூடவே பாதி வேகவைத்த கிழங்கு. 190 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒருமுறை புரட்டுங்கள். புட்டிங் ஃபிரீசர் பகுதியில் டஜனாகக் கிடைக்கும், உறைந்த பட்டாணியும் அங்கேயே. சாயங்காலம் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள், தம்பி.

கேள்வி (ரெடிங்): மிஞ்சியதை என்ன செய்வது?

பதில்: இங்கே திங்கட்கிழமை மிஞ்சிய முட்டைகோஸையும் கிழங்கையும் மசித்துத் தோசைக்கல்லில் அடை போல வறுப்பார்கள். நம் வீட்டில் மார்புக்கறியைப் பிய்த்துக் கொத்து ரொட்டி போடலாம். எலும்பை ஒன்றரை மணி கொதிக்கவைத்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். ஆறியதும், 2 மணி நேரத்துக்குள், பிரிட்ஜில் வைத்து 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி (சவுதால்): கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வைத்து இதே செலவில் முடியுமா?

பதில்: 10 பவுண்டில் முடியாது. 4 பேருக்கு முழு வான்கோழி தேவையும் இல்லை. 2 கிலோ கோழியும் ஒரு பெட்டி ஸ்டஃபிங்கும் (ரொட்டித்தூளும் மூலிகையும் சேர்ந்த கலவை) போதும். வான்கோழிதான் வேண்டும் என்றால் உறைந்ததை வாங்குங்கள், புதிதைவிட மலிவு. பிரிட்ஜில் வைத்தே இளக்க வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் 4 கிலோ பறவைக்கு 2 நாள் ஒதுக்குங்கள்.

உண்மையான லாபம் காய்கறியில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேரட், பார்ஸ்னிப் (வெள்ளை கேரட் போன்ற கிழங்கு), உருளைக்கிழங்கு, ஸ்ப்ரவுட்ஸ் (குட்டி முட்டைகோஸ்) எல்லாவற்றையும் பெரிய கடைகள் சில பென்ஸ்களுக்குத் தள்ளுவார்கள். இரண்டு மூன்று பை அதிகமாகவே வாங்குங்கள். கிழங்கைச் சீவிப் பாதி வேகவைத்து, எண்ணெய் பிசறி, ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் கட்டுங்கள். பார்ஸ்னிப்புக்கு 3 நிமிடக் கொதி போதும். ஜனவரி ஞாயிறுகளில் ஃபிரீசரிலிருந்து எடுத்தபடியே சூடான எண்ணெயில் போட்டு, வழக்கத்தைவிட 10 நிமிடம் கூட வையுங்கள்.