கவாசாகி நோய்: முதல் எக்கோ சரியாக இருந்தால் மறுபடியும் எதற்கு?

கேள்வி: எங்கள் இரண்டரை வயது மகனுக்குக் கவாசாகி நோய் என்று கண்டறிந்து இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்து செலுத்தினார்கள். அப்போது எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) குறை எதுவும் இல்லை, காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனாலும் இன்னும் இருமுறை எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? அடிக்கடி எடுத்தால் கெடுதல் உண்டா?

பதில்: அவசியம்தான். கெடுதல் இல்லை, எக்கோவில் பயன்படுவது ஒலி அலையே தவிர எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு அன்று.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி 1967இல் விவரித்த இந்த அழற்சி, இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளைத்தான் அதிகம் குறிவைக்கிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் தமனிச் சுவர் உள்ளுக்குள் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தாலும் அதன் விட்டம் இயல்பாகவே தெரியக்கூடும். வலுவிழந்த சுவர் இரத்த அழுத்தத்தால் விரிவதற்குச் சில நாட்கள், சில வேளை சில வாரங்கள் ஆகும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தமனி வீக்கம் ஏற்படுகிறது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறதே ஒழிய முற்றிலும் நீங்குவதில்லை. அதனால்தான் சிகிச்சைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் ஒன்றும், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் இன்னொன்றுமாக எக்கோ எடுக்கப்படுகிறது.

அறிக்கையில் ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறைவடைய வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தமனியின் விட்டமும், அது இயல்பான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குழந்தையின் உடல் பரப்புக்கேற்பக் கணக்கிட்டுக் காட்டும் இசட் மதிப்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அம்மதிப்பு 2-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 2.5-ஐ எட்டினால் வீக்கம். 10-ஐயோ, விட்டம் 8 மில்லிமீட்டரையோ எட்டினால் பெருவீக்கம். உயரமும் எடையும் தவறினால் இந்தக் கணக்கும் தவறும் என்பதால், அன்றன்றே அளக்கச் சொல்லுங்கள். இயன்றவரை ஒரே மையத்தில், பழைய அறிக்கையுடன் எடுப்பது ஒப்பிட உதவும். அழுது புரளும் குழந்தைக்கு நுண்ணிய தமனிகளை அளப்பது கடினம். ஆகவே மயக்க மருந்து தேவைப்படலாம். எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி எக்கோ முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை, இந்நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. இடையில் ஃப்ளூ காய்ச்சலோ சின்னம்மையோ வந்தால், ஆஸ்பிரினால் அரிதாகக் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பதால், உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.