இலவச டாவின்சி ரிசால்வில் (வீடியோ எடிட்டிங் மென்பொருள்) சத்தம் வருது, படம் வரலை. ஏன்?

விண்டோஸில்தானே? ஃபைல் கெட்டுப்போகவில்லை. மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள்: ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரத்தின் அளவு) என்றிருந்தால் அதுதான் காரணம். இலவசப் பதிப்பு அதைப் பிரித்துப் படிக்காது. எம்பி4 என்பதை எம்ஓவி என்று பெயர் மாற்றுவது வீண். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதேதான்.

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஷட்டர் என்கோடரில் (இலவசம்) டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் (எடிட்டிங்குக்கான வடிவம்) எடுத்து, அதில் ஹெச்க்யூஎக்ஸ் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்க்யூ வேண்டாம்: அது 8 பிட், நிறப் படிகள் குறைவு. மெரினா விடியல் வானத்தைக் கலர் கிரேடு செய்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

4கே, 25 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 5 ஜிபி ஆகும். ஒரு மணி நேர முகூர்த்த வீடியோவே 300 ஜிபி. முதலில் ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள். ஒரிஜினலை அழிக்காதீர்கள்.