பழைய செவர்லே லாரியின் கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்க வேண்டுமா?

1955ஆம் ஆண்டுச் செவர்லே லாரியில் மூன்றாம் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருவதால், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காலத்து நான்கு வேக எஸ்எம்420 பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் மோதாமல் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதால், ஓட்டத்தில் அதைப் போடும்போது எழும் சத்தம் பழுதல்ல; மூன்றாம் கியரில் எழுவது கவனிக்க வேண்டியது.

முதலில், என்ஜின் ஓட நின்றிருக்கும் வண்டியில் கிளட்சைச் சில விநாடிகள் மிதித்திருந்த பிறகும் ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரத்தால், குறை கிளட்சில்தான் இருக்கிறது. அது சரியாக இருந்தால் ஆயிலை வடித்துப் பாருங்கள்: பொன்னிறத் துகள்கள் மிகுதியாக மின்னினால் பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்கிறது, காந்தத்தில் இரும்புச் சில்லுகள் ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கக்கூடும், அப்போது பிரித்தே ஆக வேண்டும். மெயின் ஷாஃப்டை (கியர்கள் அமர்ந்திருக்கும் முக்கியத் தண்டை) வெளியே எடுத்தபின், சிங்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்புப் பகுதியின்மேல் அழுத்தித் திருப்பும்போது பிடிக்காமல் வழுக்கினால் புதியது போடுங்கள். அவ்வளவு உழைத்துவிட்டுப் பழைய பேரிங்குகளையே மீண்டும் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.