கல்லறையைக் காட்ட 800 வெள்ளியா?

கேள்வி: 1943-ல் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து எங்கள் தாத்தாவை ஜப்பானியர்கள் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து), பர்மா வரை ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. அப்பாவுக்கு இப்போது 85 வயது. அந்தப் பாதை போன காஞ்சனபுரிக்கு நான்கு நாள் சுற்றுலாவில் பெயர் கொடுத்திருக்கிறோம். தாத்தாவின் கல்லறையைத் தேடிக் காட்ட ஏஜென்ட் தனியாக 800 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

காஞ்சனபுரியில் அவர்கள் கூட்டிப்போகும் பெரிய போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று எல்லோரும் போர்க் கைதிகளாக இருந்து செத்தவர்கள். ஆற்றோரம் இருக்கும் சுங்காய் கல்லறையும் அப்படித்தான். போர் முடிந்ததும் ரயில் பாதை நெடுகிலும் கிடந்த கைதிகளின் உடல்களைத் தோண்டியெடுத்து இந்த இடங்களில் அடக்கம் செய்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அதை யாரும் செய்யவில்லை. காலராவில் விழுந்தவர்களைக் கும்பலாக எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். பெயரும் எழுதி வைக்கவில்லை. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தலையை யாரும் எண்ணாததால் அதுவும் உத்தேசக் கணக்குத்தான். ஆகவே ‘தாத்தாவின் கல்லறை’ என்று ஒருவர் காட்டினால், அது வேறு யாருடையதோ.

ஒருமுறை ஒரு வழிகாட்டி, ஒரு குடும்பத்தையே பெயர் தெரியாத சிப்பாயின் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, “இவர்தான்” என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி பூ வைத்து அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

இந்தக் கல்லறைகளைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் தொடங்கியது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, இணையத்தில் பெயர் தேடவும் கட்டணம் இல்லை. இலவசமாகக் கிடைப்பதைத்தான் உங்கள் ஏஜென்ட் விலை வைத்து விற்கிறார். ‘தேடல் சான்றிதழ்’ என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அதை எடுத்து ஓரமாக வையுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் நன்றாக விசாரியுங்கள். தாத்தா உண்மையிலேயே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரா, இல்லை சீருடை போட்டவரா? ஜப்பான்காரன் பிடித்துப்போனான் என்பதாலேயே பலர் வீடுகளில் ‘தாத்தா பட்டாளத்தில் இருந்தார்’ என்று கதை வளர்ந்துவிடுகிறது. ஆனால் நிஜமாகவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து மலாயா போரிலோ சிறையிலோ இறந்திருந்தால் கதையே வேறு. அப்போது தேட வேண்டிய இடம் காஞ்சனபுரி இல்லை, சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி போர் நினைவிடம். கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். மத வழக்கப்படி எரிக்கப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு. ஆணையத்தின் இணையதளத்தில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஒரு ராமசாமியை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும், ஊர்ப் பெயர் பின்னால் போயிருக்கும். படைப்பிரிவோ சேவை எண்ணோ வீட்டில் எங்காவது இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். பழைய கடிதம், பென்ஷன் தாள், தகரப் பெட்டி எதையும் விடாதீர்கள். அப்புறம், பெயர் கிடைத்தால் எந்தச் சுவர், எந்த எண் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். குறித்துக்கொண்டு போங்கள். போய் நின்றுகொண்டு தேடினால் வெயிலில் ஒரு நாள் போய்விடும்.

சீருடை இல்லையென்றால் ஆணையத்தின் பதிவேட்டில் பெரும்பாலும் பெயர் வராது. ரயில் பாதைக் கூலிகளைப் பற்றிக் கேட்டால், எங்கள் வரம்பில் இல்லை என்பார்கள். சட்டப்படி சரிதான். ஒரே பாதையில், ஒரே காலராவில் செத்தவர்களில் ஒருவருக்குப் பூச்செடியோடு கல், இன்னொருவருக்கு ஒரு வரிகூட இல்லை என்றால், அந்த வரம்பை யார் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றாதா? சயாம், பர்மா, மலாயா, பிரிட்டன் என நான்கு பக்கமும் கை காட்டியே எண்பது வருடம் ஓடிவிட்டது.

சரி, போய் எதைப் பார்ப்பது? சுற்றுலாப் பேருந்து முதலில் குவாய் ஆற்றின் மேல் உள்ள ரயில் பாலத்துக்குத்தான் போகும். அங்கே ஒரு மணி நேரம் படம் பிடிக்கவிடுவார்கள். அந்த ஆற்றுக்கு ‘குவாய்’ என்ற பெயரே 1960-களில் பயணிகளுக்காக ஒட்ட வைத்தது. போர்க் காலத்தில் அது மே க்ளோங். பாலத்தில் வளைந்த கமான்கள்தான் பழையவை. நடுவில் நேராக இருப்பவை போருக்குப் பிறகு வந்தவை. உங்களுக்கு வேண்டியது பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பேருந்துதான் அங்கே நிற்பதில்லை. 1944-ல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத் தூண் அது. இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் பலகை பதித்திருக்கிறார்கள், அதில் தமிழும் உண்டு. கொன்றவனே தமிழில் எழுதி வைத்தான் என்பது விசித்திரம்தான், ஆனாலும் அப்பாவால் வாசிக்க முடியும். அதோடு, ஊருக்குள்ளேயே வாட் தாவோன் வராராம் கோயிலில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023-ல் நட்ட நடுகல்லும் இருக்கிறது. பூ வைக்க வேண்டுமென்றால் அங்கே வையுங்கள்.

ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் பாறை வெட்டுக்கு இறங்கும் படிகள் அதிகம். அப்பாவை மேலேயே உட்கார வையுங்கள்.

நினைவுத் தூண், நடுகல் ஆகிய இரண்டு தமிழ் இடங்களிலும் அரை மணி நேரமாவது பேருந்து நிற்க வேண்டும் என்று ஏஜென்ட்டிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். “போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.