83 வயதில் பித்தக்குழாய் கல்: அவசர ஈ.ஆர்.சி.பி.க்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 83 வயது. போன மாதம் குளிர்ஜுரமும் மஞ்சள் காமாலையும் வந்து, பித்தக்குழாயில் கல் என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. செய்யச் சொன்னார்கள், இந்த வயதில் தாங்குவாரா என்று பயந்து, ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுக் கூட்டி வந்துவிட்டோம். இதயத்தில் ஸ்டென்ட் உண்டு, அதற்காக ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். மறுபடி வந்தால் அவசரமாகச் செய்யச் சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம். ஆனால் மறுபடி வரும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?

கல் அடைத்த குழாயில் பித்தம் தேங்கிச் சீழ் பிடிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கிருமி ரத்தத்தில் கலக்கும். ஆன்டிபயாடிக்கோ தேங்கிய பித்தத்துக்குள் சரியாகப் போய்ச் சேராது. போன மாதம் அடங்கியது கல் சற்று நகர்ந்து வழிவிட்டதால் இருக்கலாம். அது கரைந்து போயிருக்காது. கீழாநெல்லி கொடுத்தாலும் கரையாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது.

வயதைப் பற்றிய பயம் பாதிதான் சரி. இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் சிக்கல் கணைய அழற்சி. பொதுவாக 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு வரும். அது இளம் வயதுப் பெண்களுக்குத்தான் கூடுதல், முதியவர்களுக்குக் குறைவு. முதியவர்களிடம் நாங்கள் கவலைப்படுவது மயக்க மருந்தைப் பற்றி: ஆக்சிஜன் இறங்கலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலேயே இருப்பாரா, ஐ.சி.யு. உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அவசர நேரத்தில் கல்லை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. குழாய் வாயை வெட்டாமல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் மட்டும் வைத்துச் சீழை வடியவிட்டால் அன்றைக்குப் போதும். வெட்டு இல்லாததால் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கும் ரத்தக்கசிவு பயம் குறைவு. உடம்பு தேறியபின் நிதானமாகக் கல்லை எடுக்கலாம். "இன்றைக்கு ஸ்டென்ட் மட்டும் போதுமா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

திட்டமிட்டுச் செய்தால் குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் அதைத் தொடரச் சொல்வார்கள்.

அப்புறம், வயதானவர்களுக்குக் காய்ச்சலோ வலியோ தெரியாமலே நோய் முற்றலாம். அம்மா திடீரெனச் சோர்ந்து கிடந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே கிளம்புங்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் 12 மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும்; அவ்வளவு முற்றவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைக்கும்.

பாலக்காடா கோயம்புத்தூரா என்று அப்போது வாதாட நேரம் இருக்காது. ராத்திரியிலும் ஈ.ஆர்.சி.பி. செய்யும் இடம் எது, உங்கள் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டிச் செல்லுமா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். தூரம் போவதானால் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கும் டிரிப்ஸும் உள்ளூரிலேயே ஏற்றிக்கொண்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டுகளோடு போங்கள்.

பித்தக்குழாய் ஸ்டென்ட், இதய ஸ்டென்ட் மாதிரி நிரந்தரம் இல்லை. பிளாஸ்டிக் என்றால் சுமார் 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். விட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருமுன் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.