இலவச நிகழ்ச்சிக்கு அப்பாவை அழைத்துச் செல்லும் முன்

தக்கலையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் தம்பிக்கு,

நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள முதியோர் குடியிருப்பில் சொற்பொழிவும் இசையும் இலவசமாக நடக்கின்றன, கிரீன் கார்டில் வந்திருக்கும் எழுபது வயது அப்பாவை அழைத்துப் போகலாமா, என்ன உடுத்த வேண்டும், கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். உடையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. எதுவும் வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் எது உண்மையில் இலவசம், எது தூண்டில் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் சேர, பெருந்தொகையை நுழைவுக் கட்டணமாகக் கட்டி, அதற்கு மேல் மாதக் கட்டணமும் செலுத்த வேண்டும். காலி வீடுகள் நிரம்ப வேண்டும் என்பதற்காகவும், உள்ளே இருப்பவர்கள் புதுமுகங்களைப் பார்க்கட்டும் என்பதற்காகவும் நிகழ்ச்சிகளை எல்லோருக்கும் திறந்துவைக்கிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் வரலாறு பேசுவார். இசை மாணவர்கள் பெரிய மேடை ஏறும் முன் இங்கே வாசித்துப் பழகுவார்கள். இவர்களிடம் பயப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது வாசலில் வைத்திருக்கும் தாளை. பெயர், தொலைபேசி எண், வயது என்று கேட்கும் அந்தத் தாளின் அடியில், வீடுகளைப் பற்றிய விவரம் அனுப்பலாமா என்று பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிடாதீர்கள்; பெயரை மட்டும் எழுதினால் போதும். மதிய உணவோடு ஓய்வூதியச் சேமிப்பு, மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) விளக்கம் என்று அழைப்பு வந்தால், பேசுபவர் பெரும்பாலும் விற்பனை முகவராகவே இருப்பார். இங்கே வேலை பார்த்த கணக்கில்லாமல் 65 வயதுக்கு மேல் கிரீன் கார்டில் வந்தவர், தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகுதான் பணம் கட்டியாவது மெடிகேரில் சேர முடியும். ஆகவே அந்தக் கூட்டத்தால் அப்பாவுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பயனில்லை.

முகவர்களைப் பற்றி நான் கடுமையாகப் பேசக் காரணம் உண்டு. 1990-களில் என்னைச் செவிலியராக அனுப்பிய முகவர், பெரிய மருத்துவமனை என்று சொல்லித்தான் மார்த்தாண்டத்திலிருந்து ஏற்றிவிட்டார். வந்து சேர்ந்ததோ ஒரு முதியோர் இல்லத்தின் இரவுப் பணியில். வாடகை அறையில் ஹீட்டர் ஒழுங்காக எரியாது. நம் ஊர்ப் பேச்சிப்பாறை மழையைக் குளிர் என்று நினைத்திருந்தவளுக்கு ஜனவரி மாதம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பணி முடிந்ததும் அறைக்குப் போகாமல், பக்கத்துக் குடியிருப்பில் நடக்கும் காலைச் சொற்பொழிவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். கதகதப்பும் சூடான காப்பியும் கிடைக்கும். நோயாளிகளின் முணுமுணுப்பு எனக்குப் புரியத் தொடங்கியதே அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கே நான்தான் இன்றும் திருத்தம் சொல்கிறேன்.

நம்மவர்கள் சிலர் பெற்றோரை அங்கே இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்குள்ள ஊழியர்கள் வந்தவர்களின் மருந்து நேரத்தைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். வேறு சிலர் பிஸ்கட்டைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போடுகிறார்கள். அதைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருப்பது எனக்கு. தமிழ்ச் சங்கத்தார் இவர்களைவிட மேல் என்று சொல்லவும் மனம் வரவில்லை: பொங்கல் விழா முழுக்கச் சினிமா ஆட்டம், முதியவர்களுக்கு ஒலிபெருக்கியின் அடியில் நாற்காலி.

உட்காரும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்வரிசை சக்கர நாற்காலிக்காரர்களுக்கு. மற்ற இருக்கைகளிலும் அங்கே வசிப்பவர்கள் ஆளுக்கொன்று வழக்கமாக வைத்திருப்பார்கள், முகத்துக்கு நேரே எழுந்திருக்கச் சொல்லவும் தயங்கமாட்டார்கள்.

அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? நாலைந்து முறை போய் முகம் பழகியபின், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு பேச்சுக்கு நேரம் கேளுங்கள். நியூ ஜெர்சியே ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் குடியேறிய மண். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படை தோற்றது, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானது, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை தமிழும் இலத்தீனும் பொறித்த கல்லோடு இருப்பது எல்லாவற்றையும் ஆவலோடு கேட்பார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். அவர் தமிழில் பேச, நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கோட்டையின் படங்களைத் திரையில் பெரிதாகப் போடுங்கள். பின்வரிசையில் பலருக்குக் கண் சரியாகத் தெரியாது.